மேலே மூன்று வரி

பூந்தமல்லி
10 மே 2025

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், இப்போது தலைசுற்றல் இல்லை. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? கப்பல் படிக்கட்டில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்கிறாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைக்கிற பத்து நிமிடப் போனையும் அவளே பேசித் தீர்த்துவிடுவதால் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிளஸ் டூ ரிசல்ட் முந்தாநாள் வந்தது. தமிழ் 94, ஆங்கிலம் 88, கணக்கு 97, வேதியியல் 90, கம்ப்யூட்டர் சயின்ஸ் 95. கணக்கில் பள்ளியிலேயே நான் இரண்டாவது. கனிமொழி 99 வாங்கி முந்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் விட்டுக்கொடுத்தேன். அம்மா தெரு முழுக்க பாதுஷா கொடுத்துவிட்டு, கடைசியில் எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

இனி இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தெந்தக் காலேஜ், என்னென்ன படிப்பு என்று வரிசையாக ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். உங்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
சஹர்


கத்தார் கடல்
14 மே 2025

சஹர் கண்ணு, வ அலைக்கும் அஸ்ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ், முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். உன் கடிதத்தை நான்கு நாள் கழித்துத்தான் படித்தேன். எண்ணெய்க் கிணற்று ஆட்கள் நூற்று அறுபது பேர் தங்குகிற கப்பலில் மெயில் பார்க்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் நிற்கிற வரிசை என் பிரியாணிக்குக்கூட நின்றதில்லை.

97 என்று படித்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் சேமியா பாயசம் வைத்துவிட்டேன். பட்டாபிராம்காரர் நாகேந்திரன் இருக்கிறாரே, எங்கள் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர், அவர் மூன்று கப் குடித்துவிட்டு, "இன்னா பாய், பொண்ணு ஸ்டேட் ஃபர்ஸ்ட்டா?" என்றார். கிட்டத்தட்ட என்று சொல்லிவைத்தேன்.

எல்லாம் சரி. பிளஸ் டூவில் பாடம் ஆறு. நீ எழுதியிருப்பது ஐந்து. நான் தினமும் நூற்று அறுபது தட்டு எண்ணுகிறவன், எனக்கு ஒரு தட்டு குறைந்தால் தெரியும். அந்த ஆறாவது எங்கே?

அம்மாவிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன் என்று சொல்.

அத்தா
கலீலுல்லா


பூந்தமல்லி
17 மே 2025

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். மோட்டார் மட்டும் சுகமில்லை, தண்ணீர் ஏறவில்லை. அம்மா மெக்கானிக்கைத் திட்டுகிற குரல் குமணன்சாவடி வரை கேட்கும்.

இயற்பியல் 58.

செய்முறையில் முப்பதுக்கு முப்பது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு இருபத்தெட்டு. நன்றாகத்தான் படித்தேன் அத்தா. முதல் கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்து அரை மணி நேரம் போய்விட்டது. மறைக்க நினைக்கவில்லை. எழுத எழுத அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

இன்ஜினியரிங்குக்குக் கணக்கு மதிப்பெண்ணை முழுதாகவும், இயற்பியல், வேதியியலைப் பாதி பாதியாகவும் கூட்டுவார்கள். எனக்கு 97, 29, 45. மொத்தம் 171. கனிமொழிக்கு 188. அவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். என்னுடையது ரெண்டுங்கெட்டான். ஒரேயடியாகப் பெரிய காலேஜ் கனவும் காண முடியாது, கனவை விட்டுவிடவும் முடியாது.

அம்மா, நூம்பல் பக்கத்துக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரச் சொல்கிறாள். எனக்கு சிவில் படிக்க ஆசை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து டிரங்க் ரோடில் மெட்ரோ தூண் ஒவ்வொன்றாக எழும்பியதைப் பஸ்ஸில் இருந்து பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். இதை அம்மாவிடம் சொன்னதற்கு, "தூண நீ பாத்துகினு இருந்தியா, அதான் பிசிக்ஸ் போச்சு" என்றாள்.

உங்கள் அன்பு மகள்
சஹர்


கத்தார் கடல்
25 மே 2025

என் சஹருக்கு,

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கிறது, முட்டியைப் பற்றி இனி கேட்காதே, அது செல்லம் கொஞ்ச ஆரம்பித்துவிட்டது.

58க்கு எதற்கு இப்படி முக்காடு போட்டு மறைத்தாய்? பாஸ்தானே. செய்முறையில் முப்பதும் வாங்கியிருக்கிறாய் என்றால் கை சரியாக இருக்கிறது, எழுத்துதான் தடுமாறியிருக்கிறது. என் உதவியாளன் ஒருவனுக்கு எந்த மசாலாவின் பேரும் தெரியாது, ஆனால் அவன் வைக்கிற சால்னாவுக்கு இங்கே அடிதடி நடக்கிறது. நீ கணக்கில் 97 வாங்கியவள். அதைச் சொல்லிக்கொண்டு நட.

ஆனால் சிவில் வேண்டாம் கண்ணு. வெயிலில் கம்பி கட்டுகிற இடத்தில் என் மகள் எதற்கு நிற்க வேண்டும்? நான் முப்பது வயது வரைக்கும் அடுப்புப் பக்கத்தில் நின்றுவிட்டுக் கடலுக்கு வந்தவன். நீயாவது ஏசியில் உட்கார். அம்மா தனியாக இருக்கிறாள் என்பதையும் யோசி. காலையில் குமணன்சாவடியில் காலேஜ் பஸ் ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருக்கலாம். பட்டியல் எழுதியதும் எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

உன் அத்தா


பூந்தமல்லி
2 ஜூலை 2025

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒன்றரை மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று நானும் அம்மாவும் அலைந்தோம். அம்மா நலம். பிரஷர் 130தான் இருக்கிறது, சான்றிதழ் அலுவலகத்தில் அளந்திருந்தால் தெரியும் சேதி.

ரேங்க் வந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் கூப்பிடுவார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியல் இது. முதலில் நூம்பல் பக்கத்துக் காலேஜ், கம்ப்யூட்டர். இரண்டாவது திருவேற்காடு, கம்ப்யூட்டர். மூன்றாவது ஆவடி, கம்ப்யூட்டர். பிறகு திருமழிசை, அம்பத்தூர், மறுபடி பூந்தமல்லி. எல்லாமே பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற தூரம். அம்மா அம்பத்தூரைத் தாண்டவே இல்லை.

கடைசி வரியில் மட்டும் காரைக்குடி அரசுக் கல்லூரி, சிவில் என்று நான் எழுதினேன். அம்மா, "இத்த எதுக்குடி எழுதற?" என்றாள். சும்மா என்றேன். போன வருடம் நம் பிரிவில் அந்த இடம் 173க்கு முடிந்திருக்கிறது. எனக்கு 171. கிடைக்காது என்றுதான் கனிமொழியும் சொல்கிறாள்.

உங்கள் திருத்தத்துக்காகக் காத்திருக்கும்
சஹர்


கத்தார் கடல்
6 ஜூலை 2025

சஹர் கண்ணுக்கு, ஸலாமும் துஆவும்.

நீயும் அம்மாவும் சேர்ந்து பட்டியல் எழுதிய லட்சணத்தைப் பார்த்துச் சிரித்தேன். உங்களுக்குப் பட்டியல் எழுதத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பட்டியல் எழுதியே பிழைக்கிறவன் சொல்கிறேன், கேள்.

இங்கே வாராவாரம் என்னென்ன சாமான் வேண்டும் என்று நான் இண்டெண்ட் எழுதுவேன். கரையில் இருக்கிற ஸ்டோர் ஆபீசர் அதை வாங்கியதும் முதல் காரியமாக மேலே இருக்கிற மூன்று வரியை அடித்துவிடுவான். படிக்கக்கூட மாட்டான். செலவைக் குறைத்தேன் என்று அவன் மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். முதல் மாதம் நான் விவரம் தெரியாமல் அரிசி, வெங்காயம், பச்சை மிளகாய் என்று மேலே எழுதிவிட்டு, ஒரு வாரம் ரொட்டியும் ஜாமுமாக எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது மேலே ஆலிவ் காய், சீஸ், ஐஸ்கிரீம் என்று போடுகிறேன். அவன் அடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போகிறான். நான்காவது வரியிலிருந்து எனக்கு வேண்டியது அத்தனையும் வந்து சேருகிறது.

எந்த ஆபீசாக இருந்தாலும் ஆபீசர் ஆபீசர்தான். அதனால் நூம்பல் காலேஜை மேலே வைக்காதே, அடித்துவிடுவார்கள். உனக்கு வேண்டாத மூன்றை மேலே போடு. அந்தக் காரைக்குடியைத் தூக்கி முதல் வரியில் வை. அடித்துவிட்டுப் போகட்டும். நம் பட்டியல் நான்காவது வரியில்தான் ஆரம்பம். இந்த ரகசியத்தைக் கனிமொழி வீட்டில் சொல்ல வேண்டாம்.

அம்மாவை மாத்திரையை வேளைக்குப் போடச் சொல்.

அத்தா


பூந்தமல்லி
26 ஜூலை 2025, காலை

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா நலம், நானும் நலம். மோட்டார் மறுபடி மக்கர்.

நேற்று அம்பத்தூர் உதவி மையத்துக்குப் போய் வந்தோம். வசந்தகுமாரி என்று ஒரு மேடம் எல்லோருக்கும் பட்டியல் எழுதுவது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினார். அம்மா அப்போது லுஹர் தொழ இடம் தேடிப் போயிருந்தாள். அந்த விளக்கத்தை எல்லாம் எழுதினால் கடிதம் நீண்டுவிடும்.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். மேலே மூன்று வரி: காரைக்குடி சிவில், சேலம் சிவில், திருநெல்வேலி சிவில். நான்காவதிலிருந்து அம்மாவின் பட்டியல், நூம்பலில் தொடங்கி அப்படியே. மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு, "மேல கிடைக்கறது கஷ்டம், நடுவுல கிடைக்கலாம், கீழ கண்டிப்பா கிடைச்சுடும். அளவா போட்டிருக்கியே, யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். "எங்க அத்தா மேடம், சமையல் மாஸ்டர்" என்றேன். பட்டியலை 28ஆம் தேதி மாலை ஐந்து மணி வரைக்கும் மாற்றலாம். அதற்கப்புறம் பூட்டிவிடுவார்கள்.

அம்மாவிடம் இண்டெண்ட் விஷயத்தைச் சொன்னேன். "உங்க அத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மகள்
சஹர்


கத்தார் கடல்
26 ஜூலை 2025, மாலை

என் கண்ணே, வ அலைக்கும் அஸ்ஸலாம்.

இன்றைக்கு வரிசையில் நான் முதல் ஆள், அதனால் உடனே படித்துவிட்டேன். உதவி மையத்து மேடமே மெச்சினார் என்றால் பார்த்துக்கொள். இதை மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாகேந்திரன் மட்டும் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி, "பாய், மேல மூணு வேண்டாததா? நல்லா கேட்டுகினியா?" என்றார். அவர் மகன் போன வருடம் கவுன்சிலிங்கில் சேர்ந்தவனாம். அதனால் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. சாப்பிட்டு முடித்ததும் வந்து ஏதோ சொல்ல வேண்டுமாம். வரட்டும்.

டிசம்பரில் ஊருக்கு வரும்போது நீ காலேஜ் பஸ் ஏறுகிறதைக் குமணன்சாவடியில் நின்று பார்க்கப்போகிறேன். அதற்கு முன்னால் உனக்கு என் கையால் முட்டை தோசை. நாளை ஞாயிறு, அம்மாவைப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கச் சொல்.

அத்தா


பூந்தமல்லி
29 ஜூலை 2025

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். உடல்நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

காலையில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். முதல் வரி. காரைக்குடி, சிவில். இந்த வருடம் நம் பிரிவில் 171 வரை இறங்கியிருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் இந்த இடம் போய்விடும், அடுத்த சுற்றில் கிடைப்பதைப் பார்க்க வேண்டும்.

அத்தா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாரும் மேலே இருக்கிற வரியை அடிப்பதில்லை. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, நம் மதிப்பெண்ணுக்கு எந்த வரி முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் மிகவும் ஆசைப்படுவதைத்தான் மேலே எழுத வேண்டும். வசந்தகுமாரி மேடம் அரை மணி நேரம் சொன்னது இதைத்தான். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தே, நீங்கள் சொன்னபடி செய்தேன் என்று உங்களுக்கு எழுதினேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. கிடைக்காது என்று நினைத்தேன், அதனால் பொய் மாதிரித் தெரியவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. இப்போது பொய் மாதிரித் தெரிகிறது.

மெட்ரோ வேலை நடந்தபோது மஞ்சள் தொப்பி போட்ட ஓர் அக்கா, கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டு நடு ரோட்டில் நிற்பார். அவர் கையை நிறுத்தினால் அந்த அவ்வளவு பெரிய கான்கிரீட் அப்படியே அந்தரத்தில் நிற்கும். எனக்கு அது வேண்டும் அத்தா. வெயில் பரவாயில்லை.

அம்மா சாதம் வடித்து வைத்துவிட்டு, "உங்க அத்தாவ கேளு" என்று படுத்துவிட்டாள். உங்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சொன்னவள் நான். உங்கள் பதில் வராமல் அமுக்க மாட்டேன். வராவிட்டால் விட்டுவிடுகிறேன். சத்தியமாக வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன், முடியவில்லை.

சஹர்


கத்தார் கடல்
30 ஜூலை 2025, மதியம் 1.40

சஹர்,

அமுக்கு. முதலில் போய் அமுக்கிவிட்டு வந்து மீதியைப் படி.

அமுக்கிவிட்டாயா? சரி, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். காலையிலிருந்து இங்கே லைன் இல்லை, இப்போதுதான் வந்தது. சமையலறையைப் பையன்களிடம் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானச் சாம்பாரில் உப்பு இல்லை என்று புகார் வந்திருக்கிறது, வரட்டும்.

நீ ஒன்று சொன்னாய், நானும் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நாகேந்திரன் வந்து உட்கார்ந்து, நீ எழுதியதை அப்படியே சொன்னார். மேலே எழுதுவதுதான் முதலில் கிடைக்கும், யாரும் அடிக்க மாட்டார்கள் என்று. ஐயோ, பிள்ளையைக் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டேனே என்று எழுந்துவிட்டேன். மறுநாள் போன் வரும், 28 வரைக்கும் நேரம் இருக்கிறது, மாற்றச் சொல்லிவிடலாம் என்றார்.

உன் கடிதத்தை இன்னொரு தரம் திறந்து பார்த்தேன். வேண்டாத மூன்றைப் போடு என்று சொன்னேன். வேண்டாதது என்றால் ஒருத்தி என்ன செய்வாள், கைக்கு வந்ததைப் போடுவாள். நீ மூன்று ஊர் போட்டிருந்தாய், மூன்றிலும் ஒரே படிப்பு. நான் இருபது வருடமாகப் பொய்ப் பட்டியல் எழுதுகிறவன். ஆலிவ் காயை மூன்று தரம் யாரும் எழுத மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா ஒன்பது நிமிடம் மோட்டாரைப் பற்றிப் பேசினாள். கடைசி ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. பட்டியலை மாற்றச் சொல் என்று மூன்று வார்த்தை போதும். "சஹர் சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான்கு நாளாக, கிடைக்கக் கூடாது என்று ஒரு வேளை துஆ கேட்டேன், கிடைக்க வேண்டும் என்று நான்கு வேளை கேட்டேன். வெயில் எனக்குப் பிடிக்கவில்லைதான். உன்னை அவ்வளவு தூரத்தில் வைத்துவிட்டு உன் அம்மா தனியாக இருப்பதும் பிடிக்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருடைய கவலை, உன்னுடையது இல்லை. இங்கே ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்டார்கள், போடவில்லை. டிசம்பரில் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். காரைக்குடிக்கு மெஸ் சாப்பாட்டைப் பார்க்க ஒரு தரம் வருவேன், அந்தச் சமையல்காரனிடம் நான் உன் அத்தா என்று மட்டும் சொல்லாதே.

அம்மா கேட்டால், அத்தாவை நான்தான் ஏமாற்றினேன் என்றே சொல்லிவிடு. எனக்கு எல்லாம் தெரியும் என்பது நமக்குள் இருக்கட்டும். நீ போய்விடுவாய், அந்த வீட்டில் நான் சாப்பிட வேண்டும்.

துஆவுடன்
உன் அத்தா கலீலுல்லா